நான் கொடுத்த இருநூற்றுப் பதினேழு எண்கள்

இருநூற்றுப் பதினேழு பேரின் பெயரையும் போன் நம்பரையும் ஒரு ஆன்லைன் ரம்மி ஆப்புக்குக் கொடுத்தவன் நான். அவர்களில் ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவரும் சரி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அது தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று இதே பக்கத்தில் நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பாராட்டிப் பலர் எழுதினீர்கள். அந்தப் பத்தி அச்சான மாதம்தான் நான் அந்த ஆப்பை என் போனில் இறக்கினேன். எனவே, பாராட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் வெளியே தெரிய ஆரம்பித்தது சில மாதங்களுக்கு முன்பு. அம்மா மண்டபம் ரோட்டில், காலை நடை முடிந்து நாங்கள் காபி குடிக்கும் கடை. அன்று மூன்று பேர் இருந்தோம். நான், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற கோபாலன், அப்புறம் வசந்தா சிஸ்டர். சிஸ்டர் என்றால் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர். ஜீயபுரத்துக்காரர். கணவர் இல்லை. ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கித் தனியாக இருக்கிறார். ஒரே மகன், மஸ்கட்டில்.

“நேத்து ஒருத்தன் போன் பண்ணான் சார்” என்று ஆரம்பித்தார் சிஸ்டர். “எடுத்த உடனே, ‘வசந்தா லோயர்பெர்த் மேடம்ங்களா’ன்னு கேக்கறான்.”

“லோயர்பெர்த் மேடமா? அப்ப நான் யாரு, சைடு அப்பர் சாரா?” என்றார் கோபாலன்.

“முழுசா கேளுங்க. ‘உங்க பையன் மஸ்கட்ல போலீஸ்ல மாட்டிக்கிட்டாரு, உடனே பணம் கட்டணும்’ங்கறான். சரிப்பா, என் பையன் பேரு என்னன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, ‘மஸ்கட் பையன் மேடம்’ங்கறான். வச்சிட்டேன்.”

கோபாலன் சிரித்த சிரிப்பில் காபி அவர் சட்டையில் சிந்தியது. நானும் சிரித்தேன். 

“அதெல்லாம் சரி, லோயர்பெர்த்னு அவனுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார் சிஸ்டர்.

“நம்ம கோயில் ட்ரிப்புக்கு வேன் ஓட்டற செல்வத்துகிட்ட லிஸ்ட் பூரா இருக்கு. எவன்கிட்டயாவது வித்திருப்பான். வேற யாரு?” என்றார் கோபாலன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“இருக்கலாம்” என்றேன்.

இது என் இரண்டாவது தவறு. முதலாவதைவிட மோசமானது. ஏனென்றால் அந்த நிமிடத்தில் எனக்கு உண்மை தெரியும்.

எப்படித் தெரியும்? சொல்கிறேன்.

கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு, நான் எடுத்துக்கொண்ட வேலை கோயில் பயணம் ஏற்பாடு செய்வது. சம்பளம் இல்லாத வேலை. ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலுமாக எங்கள் குழுவில் நிறையப் பேர் — பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ரயில் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு முட்டிவலி, யாரை யாரோடு ஒரே அறையில் போடக்கூடாது... எல்லாவற்றையும் நினைவில் வைக்க முடியுமா? எனவே போனில் பெயரைப் பதியும்போதே விவரத்தையும் சேர்த்துப் பதிவேன். ‘கோபாலன் சுகர் டிபன் லேட் ஆகக்கூடாது’. ‘பத்மா படி ஏறமாட்டார்’. ‘ராமநாதன் குறட்டை’.

‘வசந்தா லோயர்பெர்த் தனி பையன் மஸ்கட்’.

அந்த ஐந்து சொல்லும் சேர்ந்து உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. என் சட்டைப் பையில்.

ரம்மி எனக்கு ரயிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம். காசி வரை போகும் ரயிலில் இரண்டு நாள் என்ன செய்வது? புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். நான் நன்றாக ஆடுவேன் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஊரில் இருக்கும்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் போகவில்லை. ஆப் வந்தது. எவ்வளவு போனது என்பதை விடுங்கள். போனது என்னுடையது. நான் எழுத வந்தது, என்னுடையது அல்லாத ஒன்றைப் பற்றி.

கணக்கு ஆரம்பிக்கும்போது அந்த ஆப் என்னிடம் காட்டிய கண்டிப்பு இருக்கிறதே — ஆதார் கேட்டது, பான் கார்டு கேட்டது, முகத்தை இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு, கண்ணைச் சிமிட்டு என்றது. எழுபத்து நான்கு வயதில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, போனைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். இவ்வளவு கறாராக வாங்கிக்கொள்கிறவர்கள், அதே கறாரோடு பூட்டியும் வைப்பார்கள் என்று நினைப்பது இயல்புதானே?

ஒரு மதியம் ஆட்டத்தின் நடுவில் கையிருப்பு தீர்ந்துவிட்டது. திரையில் ஒரு பெட்டி எழும்பியது. போனில் உள்ள தொடர்புகளை இணைத்தால் போனஸ். கையில் எடுக்க முடியாத, அந்த மேஜையில் மட்டும் செல்லுபடியாகும் காசு. ‘உங்கள் பெயரில் யாருக்கும் செய்தி அனுப்ப மாட்டோம்’ என்று கீழே உறுதிமொழி வேறு. அதற்கும் கீழே நிபந்தனைகள்.

படிக்காமல் அழுத்திவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் நான் படித்தேன். பொடி எழுத்தைப் படிப்பது எனக்கு வியாதி. ‘எங்கள் வணிகக் கூட்டாளிகளோடு பகிரப்படலாம்’ என்ற வரியையும் படித்தேன். ஒரு விநாடி கட்டைவிரல் நின்றது. கையில் நல்ல சீட்டு இருந்தது. அழுத்தினேன்.

அந்த ஆட்டத்தில் தோற்றேன். இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

பிறகு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குச் சட்டம் தடை போட்டது. ஆப் ஓய்ந்தது. எனக்கு நிம்மதி. கெட்ட பழக்கம் அரசாங்கச் செலவில் விட்டுப்போனது என்று எனக்கு நானே வேடிக்கை பேசிக்கொண்டேன். கடையை மூடிவிட்டார்கள், சரி — கடைக்குள் இருந்த என் சாமான் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. காபிக் கடையில் சிஸ்டர் வாய் திறக்கும்வரை.

அதற்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். செல்வத்தை நிறுத்திவிட்டு வேறு வேன் பிடிக்கலாம் என்று கோபாலன் சொன்னார். நான் மறுக்கவில்லை. மூன்று பயணங்கள் வேறு வேனில் போனோம்.

சிஸ்டருக்கு அடுத்த போன் வந்தபோது அவர் அதைக் காபிக் கடையில் சொல்லவில்லை. கோபாலனின் மனைவிக்குச் சொல்லி, அவர் மூலமாக என் காதுக்கு வந்தது. இந்த முறை குரல் மரியாதையாக இருந்ததாம். ஏதோ கடன் திட்டம் என்றதாம். “நீங்க தனியாத்தானே இருக்கீங்க மேடம்? வெளியில அலைய வேணாம். நாங்களே வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கறோம்” என்றதாம்.

சிஸ்டர் காலை நடையை நிறுத்திவிட்டார். விடிகாலையில் காவிரிப் படித்துறை வரை போய் வருகிற மனுஷி, பகலிலேயே கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்.

மகன் பிரபு லீவு போட்டுவிட்டு வந்தான். ஃபிளாட்டை விற்றுவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் காவலாளி, கேமரா எல்லாம் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் அம்மாவைச் சேர்ப்பது என்று முடிவு செய்தான். புரோக்கர் இரண்டு முறை வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் சிஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

“சார், ஒரு உதவி. பிரபு உங்ககிட்ட படிச்சவன். நீங்க சொன்னா கேப்பான். வந்து, இங்க பயம் ஒண்ணும் இல்லன்னு அவனுக்குச் சொல்லுங்க. முப்பத்தாறு வருஷம் ஷிஃப்ட் பாத்தேன் சார். இப்பத்தான் என் இஷ்டத்துக்கு எழுந்திரிக்கறேன். அங்க கொண்டுபோய் விட்டா, மறுபடியும் மணி அடிச்சாத்தான் சாப்பாடு.”

“வரேன் சிஸ்டர்” என்றேன்.

வீட்டிலிருந்து அவர் ஃபிளாட்டுக்குப் பத்து நிமிட நடை. நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். ‘இந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம்’ என்று ஆரம்பித்துப் பொதுவாகப் பேசி முடித்துவிடலாம். எனக்கு அது வரும். உங்களுக்கு வாராவாரம் அதைத்தானே செய்கிறேன்?

பிரபு எழுந்து நாற்காலி போட்டான். சிஸ்டர் காபி கொண்டுவந்தார்.

“சொல்லுங்க சார், அம்மா உங்களத்தான் நம்பிட்டிருக்காங்க” என்றான். “எனக்கு வீட்ட விக்கணும்னு ஆசையா? அம்மா தனியா இருக்கறது, நான் மஸ்கட்ல இருக்கறது, ரயில்ல எந்த பெர்த் வரைக்கும் ஒருத்தனுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படின்னா பக்கத்துலயே இருந்து எவனோ வேவு பாக்கறான். இந்தத் தெருவுலயோ, இந்த பில்டிங்லயோ. அத விட்டுட்டு நான் எப்படி சார் ஃபிளைட் ஏறுவேன்?”

அவன் சொன்னது நியாயம். அவன் பயத்துக்கு இருந்த ஒரே காரணம், அந்த வேவு பார்க்கும் ஆள். அந்த ஆள் எதிரில் உட்கார்ந்து அவன் அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்திருந்தான்.

“யாரும் வேவு பாக்கல பிரபு” என்றேன். “நான்தான் கொடுத்தேன்.”

போனை எடுத்து, அந்தப் பெயரைக் காட்டினேன். அவன் வாங்கிப் படித்தான். அம்மாவிடம் கொடுத்தான். சிஸ்டர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொடி எழுத்தைப் படித்ததையும் சேர்த்து.

“ரம்மியா சார்? நீங்களா?” என்றான் பிரபு.

“நான்தான்.”

“சீட்டாடறதுக்கு எங்கம்மா நம்பர் எதுக்கு சார்?”

“போனஸ் கொடுத்தாங்க.”

சிஸ்டர்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“எங்க ஆஸ்பத்திரில கேஸ் ஷீட்டுன்னு ஒண்ணு இருக்கும் சார், ஒவ்வொரு பேஷண்டுக்கும். பக்கத்து பெட் ஆளு எட்டிப் பாத்தாகூட மூடிடுவோம். முப்பத்தாறு வருஷத்துல ஒருத்தர் ஷீட்ட நான் வெளில காட்டினதில்ல. என் ஷீட்ட நீங்க சீட்டாடற கடையில போட்டுட்டு வந்திருக்கீங்க.”

காபித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

“அதுகூடப் போகட்டும். செல்வத்தச் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்க. வாயத் திறக்கலியே சார்.”

பிறகு மகன் பக்கம் திரும்பினார். “கேட்டியாடா? இந்தத் தெருவுல எவனும் என்ன வேவு பாக்கல. நீ பயந்ததுக்குக் காரணம் இதோ உக்காந்திருக்கு. புரோக்கர வர வேணாம்னு சொல்லு.”

“சார் வாயால சொன்னாப் போதாதும்மா. அந்த நம்பர் இன்னும் எத்தனை பேர்கிட்ட இருக்கோ.”

“காபி ஆறிடுச்சு சார். கிளம்புங்க” என்றார் சிஸ்டர் என்னிடம்.

மறுநாள் பிரபுவும் நானும் திருச்சியில் சைபர் க்ரைம் போலீசுக்குப் போனோம். ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

“நீங்களே அனுமதி கொடுத்திருக்கீங்களே சார்.”

“ஆமாம்மா.”

“உங்க நம்பருக்கு நீங்க கொடுக்கலாம். இவங்க அம்மா நம்பருக்கு நீங்க எப்படிக் கொடுத்தீங்க?”

புகாரில் அந்த இரண்டு அழைப்புகளின் நம்பரையும் ஆப்பின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டார். ‘தகவல் அளித்தவர்’ என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எத்தனை பொருத்தமான பதவி.

ஆப் நிறுவனத்துக்கும் மெயில் எழுதினேன். கேட்டது மூன்றே கேள்வி. நான் கொடுத்த எண்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன? விற்றீர்களா, திருடு போனதா? அழித்துவிட்டீர்களா? குறைதீர்ப்பு அதிகாரியிடமிருந்து ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. ‘அன்புள்ள ப்ளேயர், எங்கள் சேவை தற்போது நிறுத்தப்பட்டுள்ளது. உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம். விரைவில் புதிய விளையாட்டுகளோடு சந்திப்போம்.’ மறுபடி எழுதினேன். அதே பதில். ஐந்தாவது முறை அதுவும் வரவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த எண்களை ஆப்தான் விற்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. வேலையை விட்டுப் போன ஊழியர் எடுத்துப் போயிருக்கலாம், எவனோ உள்ளே புகுந்து அள்ளியிருக்கலாம். எப்படிப் போனது என்று சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். வாங்கும்போது என் கண் சிமிட்டுகிறதா என்று பார்த்தவர்கள், தொலைத்தபோது எனக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? சீட்டாட ஒருவன் வந்தால் அவன் வயதைக் கேள், அடையாளத்தைக் கேள். அவன் ஊர்க்காரர்களின் பட்டியல் உனக்கு எதற்கு? தேவையில்லாததை வாங்காதவனுக்குத் தொலைக்கவும் ஒன்றும் இருக்காது. ஆடுகிறவன் பலவீனமான நேரம் பார்த்துப் பெட்டியை எழுப்பி, அவன் அழுத்தியதும் அதற்குச் ‘சம்மதம்’ என்று பெயர் வைக்கிறார்கள். அந்த விநாடியில் நான் எதற்கும் சம்மதித்திருப்பேன். சீட்டாடுகிறவனைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். ஆப்பைச் செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இதையெல்லாம் உரக்கச் சொல்லலாம். ஆனால் சொல்லும்போது என் கட்டைவிரலை மறைத்துக்கொள்ள முடியாது.

பிறகு, இருநூற்றுப் பதினேழு பேருக்கும் போன் செய்தேன். பதினோரு நாள் ஆயிற்று. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அநேகமாக எல்லோரும் கேட்ட முதல் கேள்வி வேறு.

“என்ன என்னன்னு போட்டு வச்சிருக்கீங்க?”

சொல்லித்தானே ஆக வேண்டும்? ராமநாதன், “நம்பர் போனது இருக்கட்டும் சார். நான் குறட்டை விடறேன்னு யார் சொன்னா?” என்றார். அடுத்து நான் அழைத்த ஒரு அம்மாளின் பெயருக்குப் பக்கத்தில் ‘புலம்பல், தனி அறை’ என்று போட்டிருந்தேன். படித்துக் காட்டினேன். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் வரவில்லை. மோசடிக்காரன் செய்யாத காயம் அது. நானே என் வாயால் செய்தது.

செல்வத்தின் வீட்டுக்குப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் குழாயை மூடினார்.

“மூணு ட்ரிப்பு வேற வண்டியில போனப்பவே நெனச்சேன் சார், ஏதோ பேச்சு ஓடுதுன்னு. எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு விட்டுடாதீங்க. எங்க வச்சு என்னச் சொன்னாங்களோ, அங்க வச்சு சொல்லுங்க.”

சொன்னேன். அதே காபிக் கடையில், காலைக் கூட்டத்தில். கோபாலன் தலையைக் குனிந்துகொண்டு, “நானும்தான் சார் அவசரப்பட்டேன்” என்றார். செல்வத்துக்கு மறுபடி வேலை கொடுத்தோம். இப்போதெல்லாம் அவர் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

பிரபு புரோக்கரை நிறுத்திவிட்டான். கதவுக்கு இன்னொரு பூட்டு, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று உள்ளிருந்தே பார்க்க ஒரு கேமரா. லீவு முடிந்து மஸ்கட் போய்விட்டான். ஒரு வருடம் பார்க்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். சிஸ்டர் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறார். விடிகாலையில் படித்துறைக்குப் போய் வருகிறார்.

பயண ஏற்பாடும் இப்போது அவர் கையில். நான்தான் ஒப்படைத்தேன். பட்டியலைக் காகிதத்தில் எழுதி, பயணம் முடிந்ததும் கிழித்துவிடுகிறாராம். போன வாரம் திருவெள்ளறைக்குப் போனோம். எனக்கும் இடம் கொடுத்தார் — வேனில் கடைசி வரிசை. பிரசாதம் கொடுத்தபோது, “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு.

சிஸ்டர் பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நம்பர் வாங்கிவிட்டார். குழுவில் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார், எனக்கு மட்டும் இல்லை. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நான் நடந்துபோய், இரண்டு மாடி ஏறி, கேமரா முன்னால் நிற்க வேண்டும்.

திருவெள்ளறையிலிருந்து திரும்பும் வழியில் கோபாலன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என் முட்டிவலி அவருக்குத் தெரியும். போனை எடுத்து, “சிஸ்டர் நம்பர் எங்கிட்ட இருக்கு சார். அனுப்பட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். அது கோபாலனுடைய நம்பர் இல்லையே.